ஓடிபி சொல்லவில்லை... பணம் எப்படிப் போனது?

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் தென்னை. போன மாதம் எங்கள் பால் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரிலிருந்து ‘பி.எம். கிசான்’ என்று ஒரு ஃபைல் வந்தது. கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் தவணை நின்றுவிடும் என்று போட்டிருந்ததால் திறந்தேன். ஆதார் நம்பர், ஏடிஎம் கார்டு நம்பர் கேட்டது, கொடுத்தேன். அன்று சனிக்கிழமை. இரவே 18,000 ரூபாய் போய்விட்டது. ஞாயிறு 24,000, திங்கள் 20,000. எல்லாம் கொப்பரை விற்ற பணம். ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு, செவ்வாய்க்கிழமைதான் வாய் திறந்தேன். பேங்கில் ‘உங்கள் தவறு’ என்கிறார்கள். பணம் கிடைக்குமா?

- பெயர் வெளியிட விரும்பாத விவசாயி, காங்கேயம் வட்டம்.

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே இவரிடம் போனில் பேசிவிட்டேன். இதழ் அச்சாகும் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓடிபியைச் சொல்லவில்லை என்று இவர் சொல்வது உண்மைதான். இவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அந்த ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அதைத் திறந்தால் போனில் ஒரு செயலி ஏறிக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். நாம் அவசரத்தில் ‘சரி’ என்று தட்டிவிடுவோம். அதன் பிறகு பேங்க் அனுப்பும் ஓடிபி நம் கண்ணில் படும் முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும். ஆதார், கார்டு நம்பரை நாமே கொடுத்துவிட்டோம். ஓடிபியும் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

இதோடு முடிவதில்லை. அந்தச் செயலி நம் வாட்ஸ்அப்பிலிருந்து நமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரிலிருந்து வந்தது இப்படித்தான். இவருடைய மகன் போய் விசாரித்தபோதுதான், அவருக்கும் ஒரு வாரம் முன்னால் 9,000 ரூபாய் போனதும், வெளியே தெரிந்தால் கேவலம் என்று அவர் மூடி மறைத்ததும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே குழுவில் ‘அதைத் திறக்காதீர்கள்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் இவருடைய 62,000 தப்பியிருக்கும். தென்னையில் வெள்ளை ஈ வந்தால் பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்கிறோம் அல்லவா? இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பணம் கிடைக்குமா? உறுதி சொல்ல முடியாது. ஆனால் ‘உங்கள் தவறு’ என்று வாயால் சொல்வதோடு பேங்க் ஒதுங்கிவிட முடியாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, வாடிக்கையாளர் மீதும் பேங்க் மீதும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், பேங்க் தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் கிடையாது. இரண்டு, வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் செய்யும் வரை போன பணம் அவருடைய நஷ்டம். புகாருக்குப் பிறகு போவது பேங்கின் நஷ்டம். மூன்று, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது பேங்க்தான்.

கார்டு நம்பரைக் கொடுத்ததைக் காட்டி, இவருடைய கவனக்குறைவு என்று பேங்க் வாதாடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், சனிக்கிழமை இரவே சொல்லியிருந்தால் இவருடைய நஷ்டம் 18,000-தோடு நின்றிருக்கும். மீதி 44,000 பேங்கின் பொறுப்பு. வெட்கத்துக்குக் கொடுத்த விலை அது.

இவர் இப்போது எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிவிட்டார். பேங்க் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் கேட்க 14448.

உங்களில் யாருக்கு இப்படி நேர்ந்தாலும் அந்த நிமிடமே செய்ய வேண்டியவை:

1. போனில் நெட்டை அணையுங்கள். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். இனி வரும் ஓடிபி அவர்களுக்குப் போகாது.

2. அந்த போனிலிருந்தே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

3. பேங்குக்குச் சொல்லி கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். பாஸ்புக்கிலும் கார்டின் பின்புறமும் உள்ள நம்பருக்கு மட்டும் பேசுங்கள். கூகுளில் தேடினால் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ நம்பரே இன்னொரு மோசடியாக இருக்கலாம். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று வருபவர்களும் அதே கூட்டம்தான்.

4. வீட்டிலும் குழுவிலும் சொல்லுங்கள்.

5. புகார் பதிவாகி, போலீஸார் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து போனை முழுவதும் அழித்துப் புதிதாக்குங்கள்.

தவணை வரும் சமயம் நமக்குத் தெரிகிற மாதிரியே மோசடிக்காரர்களுக்கும் தெரியும். 21-வது தவணை 2025 நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரிலேயே விடுவிக்கப்பட்டது. டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அதனால் தவணை நேரத்தில் வரும் எந்தச் செய்தியையும் சந்தேகத்தோடு பாருங்கள். முப்பது வருடமாக இந்தத் துறையில் இருப்பவன் சொல்கிறேன்: வேளாண்மைத் துறை எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாது. உழவன் செயலியானாலும் பி.எம். கிசான் செயலியானாலும் பிளே ஸ்டோரில்தான் எடுக்க வேண்டும். கே.ஒய்.சி. சந்தேகத்துக்கு 155261-க்குப் பேசுங்கள். இல்லாவிட்டால் இ-சேவை மையத்துக்கோ எங்கள் விரிவாக்க மையத்துக்கோ நேரில் வாருங்கள்.

இன்னொரு யோசனை. கொப்பரைப் பணம், மாடு விற்ற பணம் இருக்கும் கணக்கை ஜிபே, போன்பேயில் சேர்க்காதீர்கள். அதன் ஏடிஎம் கார்டையும் வெளியே எடுக்காதீர்கள். கடைக்குக் கொடுக்க இரண்டாயிரம், மூவாயிரம் மட்டும் வைக்கும் சின்னக் கணக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். யார் கைவைத்தாலும் நஷ்டம் அந்த அளவோடு நிற்கும்.

காங்கேயத்துக்காரர் போனில் கடைசியாகக் கேட்டது, “சார், என் பேர் போட்ருவீங்களா?” என்றுதான். போடவில்லை. ஆனால் நடந்ததை எழுதச் சம்மதித்தாரே, அதற்கு அவருக்கு நன்றி. இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் இன்றைக்கே உங்கள் சொசைட்டி குழுவில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.