கப்பலுக்கு முன்னே காகிதம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரைபடத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தீவுகளின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலமோ 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுதான். ஆயினும் தீவு வணிகர் ஒருவர் கிழக்கே மலேசியாவுக்குக் கொப்பரை அனுப்ப விரும்பினால், சரக்கு முதலில் மேற்கே சென்னைக்குச் சென்று, பிறகு வந்த திசையிலேயே திரும்ப நேர்கிறது. கப்பல் வசதிக் குறைவைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதே வழியில் வணிகரைத் தடுக்கி விழச் செய்யும் ஆவணங்களைப் பற்றிப் பேசுவது வங்கியாளராகிய நமது கடமை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளையின் வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் செய்தி விளங்கும். அவர் 400 மூட்டைக் கொப்பரையைச் சென்னை வழியாக அனுப்பினார். தீவிலிருந்து சென்னை வரும் வழியில் இரண்டு மூட்டைகள் நனைந்துவிட்டன. நேர்மையான மனிதர், அவற்றை நீக்கிவிட்டு 398 மூட்டைகளையே கப்பலேற்றினார். பேக்கிங் லிஸ்டிலும் கப்பல் நிறுவனம் தந்த பில் ஆஃப் லேடிங்கிலும் 398 என்றே இருந்தது. ஆனால் முன்கூட்டியே தயாரித்த இன்வாய்ஸிலும், அதன் அடிப்படையில் சுங்கத்துறையில் தாக்கலான ஷிப்பிங் பில்லிலும் 400 என்பது அப்படியே நின்றுவிட்டது. எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதமோ 400 மூட்டைகளையும் ஒரே தவணையில் அனுப்பவேண்டும் என்றது. அந்த ஆவணங்கள் நம் மேசைக்கு வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது, எல்.சி.யின் கெடுவோ மறுநாள் முடிய இருந்தது. வெளிநாட்டு வங்கி ஆவணங்களை ஏற்க மறுத்தது. வாங்குபவர் அதையே சாக்காக வைத்து விலையைக் குறைத்துக் கேட்டார். சரக்கு அந்நியத் துறைமுகத்தில் கிடக்க, நம் வாடிக்கையாளர் இசைவதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் எவரும் ஏமாற்றவில்லை. வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. 2007 ஜூலை முதல் உலகெங்கும் எல்.சி.களுக்கு வழக்கிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின் அடித்தளம் இதுவே. ஓர் ஆவணத்தின் செய்தி மற்றோர் ஆவணத்தின் செய்தியோடு முரண்படக் கூடாது. எடையில் ஐந்து விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வுக்கு அவ்விதிகள் இடமளிக்கின்றன. மூட்டை எண்ணிக்கையைக் குறிப்பிட்டுவிட்டால் அந்தச் சலுகையும் இல்லை. சுங்கத்திலும் அவ்வாறே. தாக்கலான ஷிப்பிங் பில்லைத் திருத்த 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்து, சான்று காட்டி, அனுமதி பெற வேண்டும். கப்பல் புறப்படுமுன் ஒரு மின்னஞ்சலில் தீர்ந்திருக்கும் செய்தி, புறப்பட்டபின் வழக்குபோல் நீள்கிறது.

இத்தனை காகிதம் எதற்கு எனச் சலித்துக்கொள்வோர் உண்டு. அச்சலிப்பில் நமக்கு உடன்பாடில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. மரக்கலத்தில் வருவோர் செலுத்தவேண்டிய கட்டணத்தை அது கல்லில் பதித்து வைத்திருக்கிறது. அறிமுகமற்ற இருவர் கடல் கடந்து வாணிகம் செய்ய, இருவரும் நம்பும் எழுத்து வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எழுத்து ஆதாயமும் தரும். 2010 முதல் நடைமுறையிலுள்ள ஆசியான்–இந்தியா சரக்கு ஒப்பந்தத்தின்கீழ், முறையான பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் பல பொருட்களுக்கு இறக்குமதி வரி குறைகிறது. அச்சான்றிதழில் ஒரு பிழை நேர்ந்தாலும் சலுகை கைநழுவக்கூடும்.

குறை காகிதத்தில் இல்லை. அதைப் பார்க்கும் வேளையில் இருக்கிறது. இங்கே நம் தவற்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஏற்றுமதியாளருக்கு ஏ.டி. கோடு வழங்குவது நாம், எல்.சி. வந்ததைத் தெரிவிப்பதும் நாம். அவ்வளவு முன்பே உடனிருந்தும், எல்லாம் முடிந்தபின் வரும் உறையைப் பிரித்துப் பிழை காண்பதே நம் வேலை என்று இருந்துவிட்டோம். பெருநகர வணிகருக்கு அருகிலேயே சுங்க முகவர் இருப்பார். அபர்தீன் பஜாரின் சிறு வணிகருக்குச் சென்னை முகவர் தொலைபேசிக் குரல் மட்டுமே. அவருடைய காகிதங்களைக் கப்பலேறுமுன் படித்துப் பார்க்கக்கூடிய மனிதர், தெருமுனையில் உள்ள வங்கி அதிகாரிதான்.

ஆகவே தீவுகளிலுள்ள ஒவ்வொரு வங்கிக் கிளையும், எல்.சி. வந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்து, அதன் நிபந்தனைகளை அவருடைய மொழியில் விளக்கவேண்டும். சரக்கு ஏற்றுவதற்கு முன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் ஆகியவற்றின் வரைவுகளை அருகருகே வைத்துப் பெயர், எண்ணிக்கை, எடை, துறைமுகம் ஆகியவற்றை ஒப்பிட்டுத் தரவேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். அரை மணி நேரம் போதும். வாடிக்கையாளரும் ஒன்று செய்யவேண்டும். வழியில் ஒரு மூட்டை குறைந்தாலும் அன்றே நமக்குச் சொல்லவேண்டும். எல்.சி.யைத் திருத்தித் தருமாறு வாங்குபவரைக் கேட்க அப்போது காலம் இருக்கும்.

அந்தமானையும் ஆச்சேயின் சபாங்கையும் இணைப்பது பற்றி 2018-இல் இந்தியாவும் இந்தோனேசியாவும் உடன்பட்டன. பெரிய நிக்கோபாரில் பன்னாட்டுச் சரக்குப் பரிமாற்றத் துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. கப்பல்கள் என்று வரும் என்பது நம் கையில் இல்லை. வரும் நாளில், இரண்டு மூட்டை நனைந்ததற்காக நம் வணிகர் ஒருவர் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்பது நம் கையில் இருக்கிறது.