பதுக்கியவர்கள் யார்?

பழைய ஹாலிவுட் படங்களின் பின்னணி இசையை மூவாயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு விற்கும் சிறு நிறுவனங்களை ஒரு கட்டுரையாளர் வறுத்தெடுத்திருக்கிறார். அவர் வாதத்தை நியாயமாகவே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இசை பொதுச்சொத்து. வேண்டுமென்றே குறைவாக அச்சிட்டுத் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறார்கள். காசுள்ள சேகரிப்பாளர்கள் அதை வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. இவர்களுக்கும் ரேஷன் அரிசியைப் பதுக்கும் வியாபாரிக்கும் வித்தியாசம் இல்லையாம்.

கைதட்டல் வாங்கும் உவமைதான். ஆனால் அரிசியைப் பதுக்க, முதலில் அரிசி கடைக்கு வந்திருக்க வேண்டும். 'டை ஹார்ட்' 1988இல் வெளியானது. உலகமெங்கும் ஓடிய படம். மைக்கேல் கேமன் அதற்கு எழுதிய இசைக்கு அப்போது ஆல்பமே வரவில்லை. 2002இல் வரேஸ் சராபாண்ட் நிறுவனம்தான் முதல்முறையாக அதை சிடியாக்கியது, 3000 பிரதிகள். 'பேக் டு த ஃபியூச்சர்' கதை இன்னும் வேடிக்கை. 1985இல் வந்த ஆல்பம் முழுக்கப் பாட்டுகள். ஆலன் சில்வெஸ்ட்ரியின் இசைக்கு அதில் கிடைத்த இடம் இரண்டே டிராக். முழு இசையை இன்ட்ராடா என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது 2009இல். நடுவில் இருபத்துநாலு வருடம் அந்த இசை எங்கே இருந்தது? உரிமையாளர்களின் கிடங்கில். பூட்டி வைத்தவரை விட்டுவிட்டு, சாவி வாங்கித் திறந்தவரைக் கட்டுரையாளர் பதுக்கல்காரர் என்கிறார்.

இனி அந்த மூவாயிரத்துக்கு வருவோம். கட்டுரையின் முழுப் பாரமும் அந்த எண்மீதுதான் நிற்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க அவருக்கு நேரமில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு என்றொரு தொழிற்சங்கம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு படத்துக்காக வாசித்த இசையை ஆல்பமாகப் போட வேண்டுமானால், வாசித்தவர்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் தர வேண்டும். எண்பது, தொண்ணூறு பேர் வாசித்த இசைக்கு அந்தத் தொகை, சிடி விற்று வரும் பணத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே பதிவான படங்களின் அந்தக் கால ஆல்பங்கள் பல அரைமணி நேரத்திலேயே முடிந்துபோனதற்கு இதுதான் காரணம். நீளம் கூடினால் கட்டணமும் கூடும். லண்டனில் பதிவானவற்றுக்கு இந்தச் சுமை இல்லை. லண்டன் சிம்பொனி வாசித்த 'ஸ்டார் வார்ஸ்' 1977இலேயே இரட்டை இசைத்தட்டாக வந்ததைக் கவனியுங்கள். பின்னாளில், பழைய இசையைச் சிறிய எண்ணிக்கையில் வெளியிடுவோருக்குச் சங்கம் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்தது. மூவாயிரம் என்ற எண் இந்தத் துறையில் வழக்கமானது அதன் பிறகுதான். பல ஆண்டுகளுக்கு முன் வயலின் வாசித்துவிட்டுப் போன ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு சிறு தொகையாவது போய்ச் சேரட்டும் என்று தொழிலாளர்களும் பதிப்பாளர்களும் பேசி முடித்த கணக்கு அது. முதலாளித்துவத்தின் பேராசைக்கு உதாரணம் தேடிப் போனவர், தொழிற்சங்க உடன்படிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

பெரிய முதலாளி எப்படி நடந்துகொண்டார் என்று தெரிய வேண்டுமானால் எம்.ஜி.எம். கதையைப் படிக்கலாம். 1969இல் கெர்க் கெர்கோரியன் கைக்கு அந்த ஸ்டுடியோ போனது. சிக்கனம் என்ற பெயரில் ஆடைகள், அரங்கப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றுக்காவது விலை கேட்க ஆள் இருந்தது. இசை நூலகத்துக்கு அதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த வாத்தியக்குழு ஸ்கோர்கள், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதிய தாள்கள் எல்லாம் குப்பையோடு குப்பையாக நிலம் நிரப்பப் போயின. பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் இசை நடத்துநர், மிஞ்சியிருந்த சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, படத்தின் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த இசையை வரிவரியாக மறுபடி எழுத வேண்டியதாயிற்று. 2009இல் லண்டனின் பிராம்ஸ் இசைவிழா மேடையில் அது ஒலித்தபோது அரங்கம் கொண்டாடியது. நல்லவேளை, ஒலிப்பதிவுகளில் கணிசமானவை தப்பியிருந்தன. ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி அவற்றிலிருந்து ஏராளமான படங்களின் இசையை வெளியிட்டது. பள்ளி மாணவராக இருந்தபோது லூகாஸ் கெண்டால் செய்திமடலாகத் தொடங்கிய பத்திரிகை அது. மிக்லோஸ் ரோஜாவின் 'பென்-ஹர்' இசை 2012இல் ஐந்து சிடியாக வந்தது அவர்கள் தயவில். சுமார் 250 வெளியீடுகளோடு அந்த வரிசை நின்றது. பதுக்கிக் கொழுத்தவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போவானேன்?

நாடாக்கள் காத்திருக்கவும் மாட்டா. ஐம்பதுகளின் இசை பெரும்பாலும் 35 மி.மீ. காந்த ஃபிலிமில் பதிவானது. அதன் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கினால் வினிகர் நெடி வீசும். ஃபிலிம் சுருங்கும், வளையும், கடைசியில் இயந்திரத்தில் ஓட மறுக்கும். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் பெர்னார்ட் ஹெர்மனின் இசையை மியூர் மாத்தீசன் லண்டனில் நடத்தினார். அங்கேயும் ஆதரவு வேலைநிறுத்தம் வந்ததால் மிச்சம் வியன்னாவில் முடிந்தது. இத்தனை அலைச்சலில் உருவான அசல் பதிவு 1996இல் சிடியாக வருவதற்குள் அதில் சில பகுதிகள் பயன்படுத்த முடியாத அளவு கெட்டிருந்தன.

ஸ்ட்ரீமிங் என்பது கட்டுரையாளருக்கு ஏதோ அட்சயபாத்திரம். அதில் ஏற்ற ஒரு கோப்பு வேண்டும். கோப்பு வேண்டுமென்றால் யாராவது கிடங்கில் டப்பாக்களைத் தேட வேண்டும், எந்த டேக் படத்தில் வந்தது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நாடாவைச் சீர்செய்து மாற்ற வேண்டும், ஸ்டுடியோ வழக்கறிஞர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். ஒருமுறை கேட்டால் சில பைசா தரும் ஏற்பாடு இந்தச் செலவில் எதைத் தாங்கும்? முன்பணம் கொடுத்துச் சிடி வாங்கும் அந்த மூவாயிரம் பைத்தியங்கள்தான் தாங்குகிறார்கள். அவர்கள் வாங்கியதைப் பிரிக்கிறார்களா, பூஜையறையில் வைக்கிறார்களா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

கட்டுரையில் என்னை உண்மையிலேயே சிரிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. ஒரு பத்தியில், விற்றுத் தீர்ந்தால் அந்த இசை அடுத்தவருக்கு என்றைக்கும் கிடைக்காது என்று கண்ணீர். அடுத்த பத்தியில், அதையே விரிவாக்கி மறுபடி வெளியிட்டு முதலில் வாங்கியவரை ஏமாற்றுகிறார்கள் என்று கோபம். ஐயா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். 'டை ஹார்ட்' 2011இல் லா-லா லேண்ட் நிறுவனத்திடமிருந்து இரட்டை சிடியாக மறுபடி வந்தது. ஏல விலையைப் பற்றியும் பேசுகிறார். 'செர்ரி 2000' என்ற, யாரும் பார்க்காத படத்துக்கு பாசில் போலடூரிஸ் எழுதிய இசை 1989இல் 1500 பிரதிகள் வந்து, பிறகு ஆயிரம் டாலரைத் தாண்டி விலைபோனது உண்மை. அந்தப் பணத்தில் நிறுவனத்துக்கு ஒரு காசு வரவில்லை, இசையமைப்பாளருக்கும் வரவில்லை. அந்தச் சூதாட்டத்தை முறியடிக்கும் ஒரே வழி, கட்டுரையாளர் திட்டும் அதே மறுவெளியீடுதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ஏற்கெனவே எங்கும் கிடைக்கும் இசையை நான்கு வண்ண வினைலில் அச்சிட்டு, நீலத்தில் இத்தனை, சிவப்பில் இத்தனை என்று எண்போட்டு விற்கும் கூத்து இருக்கிறதே, அதைக் கட்டுரையாளர் தாராளமாகக் கிழிக்கலாம், கூடவே நானும் வருகிறேன். ஆனால் அவர் அம்பெய்தது அங்கே அல்ல.

பழைய திரையிசையைத் தேடி வாங்குவதே வியாபாரிகள் கிளப்பிவிட்ட ஆசை என்ற அவருடைய இன்னொரு குற்றச்சாட்டுக்கு எல்மர் பெர்ன்ஸ்டீனே பதில். 'த டென் கமாண்ட்மென்ட்ஸ்', 'த மேக்னிஃபிசென்ட் செவன்' படங்களின் இசையமைப்பாளர். மற்றவர்களின் மறக்கப்பட்ட இசையையும் சேர்த்துத் தாமே வாத்தியக்குழு வைத்து மறுபதிவு செய்து, 1974 முதல் சந்தாதாரர்களுக்குத் தபாலில் இசைத்தட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஹிட்ச்காக் நிராகரித்த, 'டார்ன் கர்ட்டன்' படத்துக்கான ஹெர்மனின் இசை அந்த வரிசையில்தான் உயிர்பெற்றது. சந்தா கட்டியவர்கள் சிலரே. அவர்களும் பதுக்கல்காரர்கள்தானா?

'இந்த அமெரிக்க நோய் இங்கே தொற்ற வேண்டாம்' என்று முடித்திருக்கிறார். தொற்றினால் தேவலை. ரீ-ரெக்கார்டிங்குக்குப் பேர்போன ஊர் நம்முடையது. அந்தப் பின்னணி இசை தனி ஆல்பமாக வந்தது அபூர்வம். நம் ரசிகர்கள் டிவிடியிலிருந்து உருவி எடுத்து, மேலே வசனமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்கக் கேட்க ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். எண்பதுகளின் ரீ-ரெக்கார்டிங் நாடாக்கள் எந்தத் தயாரிப்பாளரின் பரணில், எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடிப்பார்க்கக் கட்டுரையாளர் புறப்படுவாரானால், செலவுக்கு முன்பணம் கட்ட ஆள் பிடித்துத் தருகிறேன். மூவாயிரம் பேர் தேறுவார்கள்.