மறுப்புக் கடிதம் முடிவல்ல!

கொலையுண்ட வணிகரின் வீட்டுக்குப் போகிறோம். துஆ ஓதித் திரும்புகிறோம். அந்த விதவையின் இழப்பீட்டு மனு நிராகரிக்கப்பட்டால், 'நமக்கு எங்கே கொடுப்பார்கள்?' என்று ஒதுங்கி விடுகிறோம். இது தவக்குல் அல்ல, சோம்பல்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

குற்றவாளி யாரென்று தெரியாமல் வழக்கே நடக்காவிட்டாலும் இழப்பீடு கோரலாம் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு 2 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். மறுத்தால், தமிழகத்தின் 2013-ஆம் ஆண்டுத் திட்டப்படி 90 நாட்களுக்குள் மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

இது சலுகையல்ல, உரிமை! இளைஞர்களே, ஜமாஅத்துக்கு ஒருவர் அந்தக் கடிதத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள். வணிகர்களே, அலைச்சல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கெடு முடிந்தபின் கண்ணீர் விட்டு என்ன பயன்?