பாஸ் இயங்குதளத்தில் பாக்கெட் ரேடியோ வேண்டும்: மைசூர் அக்ரஹாரத்திலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் வீட்டிலேயே ‘ஆகாசவாணி’ என்ற வானொலி நிலையத்தை நடத்திய ஊர் மைசூர். அந்த ஊரின் அக்ரஹாரத்தில் கூடிய ஹாம் (அமெச்சூர்) வானொலியாளர்களும் மாணவர்களுமான நாங்கள், லினக்ஸ் வகையான பாஸ் இயங்குதளத்தை உருவாக்கும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்திடமும், ஹாம் உரிமம் வழங்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடமும் இவற்றைக் கேட்கிறோம்.

2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் மண்சரிவில் சிக்கியபோது, கல்பெட்டா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம் நிலையம் இயங்கியது. கல்பெட்டா எங்களுக்குத் தொலைதூரம் அல்ல. குண்டலுப்பேட்டை வழியாகப் பேருந்தில் போய்வரும் ஊர். அவசரச் செய்தியைக் குரலில் சொல்லிவிடலாம். முகாமில் இருப்போர் பட்டியலையும் மருந்து அளவுகளையும் குரலில் ஒப்பித்தால் எங்கோ ஓர் எண் தவறும். பாக்கெட் ரேடியோ செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுடனும் பிழைசோதனை எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. கெட்டுப்போன துண்டு மறுபடி வருகிறது.

இதற்கான ஏ.எக்ஸ்.25 நெறிமுறை 1990-களிலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆலன் காக்ஸ், ஜொனாதன் நெய்லர் போன்ற ஹாம்கள் எழுதியது. பாஸின் அடித்தளமான டெபியனில் அதற்கான கருவிகளும், ஒலி அட்டையையே மோடமாக்கும் டைர்வுல்ஃப் மென்பொருளும் கிடைக்கின்றன. ஆனால் புதிதாகப் படிக்கும் மாணவி அமைப்புக் கோப்புகளோடு மல்லாடியே சோர்ந்துபோகிறாள். எனவே பாஸை நிறுவும்போதே இவை ஒரு தொகுப்பாக வர வேண்டும். அழைப்புக்குறியையும் (ஹாமின் உரிம அடையாளம்) ஒலி அட்டையையும் மட்டும் கேட்டு மற்றதை அதுவே அமைக்க வேண்டும். வழிகாட்டி தமிழிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும்.

வானொலி இணைப்பை இயங்குதளம் ஈதர்நெட் போல நடத்தக் கூடாது. எங்கள் வேகம் நொடிக்கு 1200 பிட். புதுப்பிப்புத் தேடல், நேர ஒத்திசைவு, பக்கத்துக் கணினிகளைத் தேடும் அறிவிப்பு ஆகியவை கேட்காமலே கிளம்பினால் அலைவரிசை அடைபடும். அவ்வளவும் எங்கள் அழைப்புக்குறியில் போகும், பொறுப்பும் எங்களுடையது. இயக்குபவர் அனுமதித்ததைத் தவிர எதுவும் அந்த வழியே போகாத தடுப்பு, தொடக்கத்திலிருந்தே இயங்க வேண்டும்.

எங்கள் மொழியையும் கணக்கில் எடுங்கள். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கு, சுருக்கமாகக் குறிக்கு, மூன்று பைட். ஏ.எக்ஸ்.25 துண்டின் வழக்கமான உச்சம் 256 பைட், அதாவது 85 குறிகள். ‘கி’ போன்ற எழுத்துக்கே இரண்டு குறிகள் வேண்டும். பாக்கெட் ரேடியோவில் குறுஞ்செய்தி அனுப்பும் ஏ.பி.ஆர்.எஸ். முறையில், ஒரு செய்தியின் 67 பைட்டில் 22 குறிகளே அடங்கும். எழுத்தின் நடுவே வெட்டாமல் துண்டாக்கும் முறையும், தமிழ், கன்னடச் சுருக்கமும் வேண்டும். முகாமில் இருக்கும் பாட்டியின் பெயரை ஆங்கில எழுத்தில் குத்துமதிப்பாக எழுதி அனுப்பினால், பேரன் பட்டியலில் தேடும்போது அது அகப்படாது.

ஹாம் அலைவரிசையில் செய்தியை மறையாக்கம் செய்ய அனுமதியில்லை, அதை ஏற்கிறோம். ஆனால் செய்தியைத் திறந்தே வைத்து, அனுப்பியவரை உறுதிசெய்யும் மின்னொப்பம் மறையாக்கம் ஆகாது என்று டபிள்யூ.பி.சி. எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். பேரிடர் வேளையில் போலி உத்தரவைத் தடுக்க வேறு வழி இல்லை.

கடைசியாக, பராமரிப்பு. 2022-இல் கெர்னலின் ஏ.எக்ஸ்.25 பகுதியில், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பாதுகாப்புப் பிழைகள் பல வெளிப்பட்டன. கவனிப்பாரற்ற நிரலை நீக்கச் சொல்வது எளிது. நீக்குவதற்கு முன், சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளரையாவது சி-டாக் இதற்கென நியமித்து, திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். சோதனைக்கு எங்கள் வானொலிகளையும் ஆன்டெனாக்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தருகிறோம்.