கோபுரத்தைக் காக்கும் சட்டம், குடியிருப்பைக் கேட்பதில்லை

பழைய கட்டடத்தை இடித்துப் புது அலுவலகம் கட்ட சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். அது பாரம்பரியக் கட்டடம் என்றால் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. மவுண்ட் ரோட்டில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை எல்.ஐ.சி. 2006இல் இடிக்கத் தொடங்க, இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கத் தடை விதித்தது. குழு அமைக்கவும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. வரவேற்கிறோம்.

ஆனால் வடசென்னையில் நின்று பார்த்தால் வேறு கேள்வி எழுகிறது. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் நிலக்கரி அள்ளியவர்களும் வாழ்ந்த சேரி எந்தப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது? சாதிப் பட்டியல் ஒன்றில் மட்டும்தான் நம்மை மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்.

பெரம்பூர் பி அண்ட் சி ஆலையை எடுத்துக்கொள்வோம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எம்.சி.ராஜாவுக்கும் நீதிக்கட்சிக்கும் இடையில் விரிசல் விழுந்ததும் அதில்தான். தொழிற்சங்க வரலாறு பேசுவோர்கூட இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். 1996இல் ஆலை மூடியது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

எதையும் இடிக்கவே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். பட்டம் படித்த நம் பிள்ளைகளுக்கு ராயபுரத்திலேயே அலுவலகம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வேலை வரும்போது நாம் அங்கே இருப்போமா என்பதுதான் கேள்வி. நகருக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை ஏற்றி அனுப்பியதை மறந்துவிடவில்லை.

மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் மூன்று விஷயங்கள் எழுத்தில் வேண்டும். பாரம்பரியப் பகுதியில் அனுமதி கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும், அந்த இடத்தில் யார் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள், இப்போது யார் வெளியேறுவார்கள் என்ற விவரம் இருக்க வேண்டும். வெளியேறுவோருக்கு அதே வட்டாரத்தில் வீடு. கட்டடக் கலைஞர்களும் அதிகாரிகளும் உட்காரும் குழுவில், சேரியிலிருந்து வந்த தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி. திருவொற்றியூர், எண்ணூர்த் தோழர்கள் தங்கள் பகுதி ஆலைகள், லைன் வீடுகள், சங்க அலுவலகங்களின் பெயர்களை இப்போதே எழுதத் தொடங்குங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டாம்.