கூட்டுப் பணியிட ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் கணக்குப் பாருங்கள்

படிப்பை முடிக்கும் முன்பே சிறு தொழிலில் இறங்கும் மாணவர்கள் நம்மிடையே பலர். இணையவழி டியூஷன், காணொளித் தொகுப்பு, இணையக் கடை, கணக்கெழுதும் வேலை என்று ஆளுக்கொரு முயற்சி. இவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு மேசை, அறுந்துபோகாத இணையம், வாடிக்கையாளரை உட்கார வைத்துப் பேச ஓர் இடம். பாடாங் செராயிலோ பீடோங்கிலோ தோட்டத்து வீட்டில் தம்பி தங்கைகளோடு ஒரே கூடத்தைப் பங்கு போட்டுக்கொள்பவருக்கு இது சின்ன தேவை அல்ல.

அதனால்தான் ‘கோ-வொர்க்கிங்’ எனப்படும் கூட்டுப் பணியிடங்கள் நம்மைக் கவர்கின்றன. குளிர்சாதன வசதி, இலவசக் காப்பி, மாதக் கட்டணம். கடைவீடு ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுப்பதைவிட இது மலிவு. இவற்றில் சேர்வதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், உறுப்பியப் பாரம் என்று நீட்டப்படும் தாள் பாரம் மட்டுமல்ல. அது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திற்கு உட்பட்ட ஒப்பந்தம். பதினெட்டு வயது நிரம்பியவரின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தும். கைப்பேசித் திரையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டினாலும் அப்படியே.

முதலில் கேட்க வேண்டியது, இது வாடகை ஒப்பந்தமா, வெறும் அனுமதியா என்பது. பெரும்பாலான கூட்டுப் பணியிட ஒப்பந்தங்கள் நம்மை வாடகைக்காரராக ஏற்பதில்லை. ‘லைசென்ஸ்’ என்ற சொல்லையே பயன்படுத்துகின்றன. வித்தியாசம் பெரியது. வாடகைக்காரரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு. அனுமதி பெற்று அமர்ந்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் தவறினால் மறுநாள் கதவின் அட்டை வேலை செய்யாமல் போகலாம்; மேசையையும் மாற்றிவிடலாம்.

இது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய பாடமல்ல. நம் தாத்தா பாட்டிமார் லயத்து வீடுகளில் வாழ்ந்தது வாடகைக்காரராக அல்ல; வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீடும் போனது. அன்று அவர்களுக்குத் தாளைப் படித்துக் காட்ட ஆளில்லை, கைநாட்டு வைத்தார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழி படித்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

இரண்டாவது, இடத்தை நடத்துபவர் யார்? கட்டடத்தின் உரிமையாளரா, அவரிடம் வாடகைக்கு எடுத்து நமக்குப் பிரித்துக் கொடுப்பவரா? 2010இல் நியூயார்க்கில் தொடங்கிய வீவொர்க் நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். கட்டடங்களை நீண்ட கால வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதே அதன் தொழில். 2019 தொடக்கத்தில் அதன் மதிப்பு 47 பில்லியன் அமெரிக்க டாலர் என்றார்கள். 2023 நவம்பரில் அது அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. உறுப்பினர் இன்று வருவார், நாளை போவார். கட்டட வாடகையை மட்டும் மாதந்தோறும் கட்டியாக வேண்டும். உலகப் பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சிறு நகரத்துக் கடைவீட்டின் மேல்மாடியில் நடப்பதைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும்: உங்கள் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது? உள்வாடகை விட உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா?

முழு ஆண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் தன் மலேசிய உடற்பயிற்சி நிலையங்களைத் திடீரென மூடியபோது, முன்பணம் கட்டிய உறுப்பினர்கள் தவித்ததை நாடே பார்த்தது. நிறுவனம் மூடப்பட்டால் முன்பணம் கட்டியவர் கடன்கொடுத்தோர் வரிசையில் ஒருவர், அதுவும் பின்வரிசையில். மாதா மாதம் கட்டுவது சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், அந்தக் கூடுதல் தொகையைப் பாதுகாப்புக்கான விலையாகக் கருதலாம்.

மூன்றாவது, மொத்தச் செலவு. விளம்பரத்தில் உள்ள மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கட்டணம் 300 வெள்ளி, ஒப்பந்தம் 12 மாதம், வைப்புத்தொகை இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கையெழுத்திடுவது 300 வெள்ளிக்கு அல்ல, 3,600 வெள்ளிக்கு. அதோடு 600 வெள்ளி முடங்கிக் கிடக்கும். சேவை வரி, அச்சுக் கட்டணம், கூட்ட அறைக் கட்டணம், முத்திரை வரி இவற்றில் எது உள்ளடக்கம், எது தனி? இரண்டாம் ஆண்டில் கட்டணம் எவ்வளவு ஏறலாம்? ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படுமா? அப்படியானால் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள்.

வைப்புத்தொகையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ‘இடையில் விலகினால் திரும்பாது’ என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, மீறலுக்கு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது; எழுதப்பட்ட தொகை அதன் உச்சவரம்பு. வைப்புத்தொகைக்கும் இது பொருந்தும் என்று 2018இல் கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. ஆனால், தொகை நியாயமற்றது என்று காட்ட வேண்டிய பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் மீதே விழும். எனவே வழக்கை நம்பி இருக்காமல், எந்தக் காரணத்துக்காகப் பிடித்தம் செய்வார்கள், மீதியை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதே நல்லது.

நான்காவது, யார் பெயரில் கையெழுத்து? மூன்று நண்பர்கள் சேர்ந்து ஓர் அறையை எடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’ என்ற மூன்று சொற்கள் இருந்தால், இருவர் விலகிப்போனாலும் மூன்றாமவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். தனிநபர் வணிகமாகப் பதிந்திருந்தால் வணிகத்தின் கடன் உங்கள் சொந்தக் கடன். செண்டிரியான் பெர்ஹாட் அமைத்திருந்தாலும், தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கும் பகுதி ஒன்று பின்பக்கங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவையோ அப்பாவையோ உத்தரவாதக் கையெழுத்துக்கு அழைத்துப்போகும் முன், அந்தப் பகுதியை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். தாங்கள் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்று அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஐந்தாவது, முகவரி. எஸ்.எஸ்.எம்.மில் வணிகத்தைப் பதிவு செய்ய ஒரு முகவரி வேண்டும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி என்பது பலருக்கும் தெரியும். கூட்டுப் பணியிடத்தின் முகவரியைப் பயன்படுத்த தனி அனுமதியும் தனிக் கட்டணமும் தேவைப்படலாம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. விலகிய பிறகு வரும் வங்கிக் கடிதத்தையும் வரிக் கடிதத்தையும் யார் வாங்கி வைப்பார்கள்? எத்தனை நாள்?

ஆறாவது, நம் மாநிலத்துக்கே உரிய ஒன்று. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் எழுதப்பட்ட ஒப்பந்த மாதிரியில் ‘வேலை நாள்’ என்பது திங்கள் முதல் வெள்ளி வரை என்றிருக்கும். நமக்கு வேலை நாளான ஞாயிறு அங்கே விடுமுறை. அன்று வரவேற்பாளர் இருப்பாரா, குளிர்சாதனம் ஓடுமா, முன்னறிவிப்புக் கணக்கில் அந்த நாள் சேருமா? பகல் முழுவதும் வகுப்பில் இருக்கும் மாணவருக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு கிடைக்கும் நேரமே முக்கியம். அந்த நேரத்தில் கதவு திறக்குமா என்பதையும் தாளில் பாருங்கள்.

வாய்வார்த்தையில் கிடைத்த வாக்குறுதிகளை நம்ப வேண்டாம். எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு முரணான வாய்மொழிச் சாட்சியம் பொதுவாக நீதிமன்றத்தில் ஏற்கப்படாது. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ என்றால், ‘சரி அண்ணே, அதை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்’ என்று மரியாதையாகக் கேளுங்கள். மடிக்கணினி திருடு போனால் பொறுப்பில்லை என்ற பகுதி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. பூட்டும் வசதி, கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது? பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமல் கோரலாம். ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகப் பெறும் சேவையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வணிகத்துக்காக மேசை எடுத்தவரை ‘நீங்கள் பயனீட்டாளர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அப்படியானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறைதான் வழி. எந்த வழியானாலும் ரசீது, குறுஞ்செய்தி, முத்திரையிட்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

இத்தனையும் படித்தபின் ‘எனக்கு இது இப்போது தேவையா’ என்ற கேள்வி எழுந்தால் நல்லதுதான். நூலகம், பல்கலைக்கழகத் தொழில்முனைவோர் மையம், அரசாங்கத்தின் நாடி இணைய மையங்கள் எனச் செலவில்லாத இடங்கள் உண்டு. சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நாள் கட்டணத்தில் சில வாரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு மூன்று மாத ஒப்பந்தம் கேளுங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க இரண்டு நாள் தர மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

நம் கல்லூரிகளுக்கும் இந்திய மாணவர் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழில்முனைவோர் பட்டறை என்றால் ஊக்கப் பேச்சும் சான்றிதழும் வழங்குகிறோம். அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, உண்மையான ஒப்பந்தம் ஒன்றை வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். செமிலிங்கிலும் சிந்தோக்கிலும் படிக்கும் மாணவர்கள் அதைத் தங்கள் தோட்டத்துக்கும் தாமானுக்கும் கொண்டுபோவார்கள். அடுத்து யாராவது வீட்டு வாடகைக்கோ, மோட்டார் சைக்கிள் கடனுக்கோ கையெழுத்துப் போடப் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல அந்த வீட்டிலேயே ஒருவர் இருப்பார்.