தாத்தாவின் பெயரைத் தேட மூன்று மாவட்டம் அலைவதா?

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர்ப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர், தன் தாத்தா எந்த ஆண்டில் பிறந்தார், எப்போது இறந்தார் என்று அரசாங்கக் காகிதத்தில் தேடப் புறப்பட்டால், முதலில் கிடைக்கிற பதில் "இந்த ஆபீஸ் இல்லைங்க" என்பதுதான். ஆந்திர அலுவலகம் தமிழ்நாட்டைக் கை காட்டும். தமிழ்நாட்டு அலுவலகம் ஆந்திரத்தைக் கை காட்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் இப்படி நடந்துகொள்வதை அவமதிப்பு என்றே சொல்வோம்.

எல்லைகளை மாற்றிக்கொண்டே இருந்தவை அரசுகள். 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி வட ஆற்காடு. 1953இல் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போயிற்று. இரு மாநில எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி திரும்பி வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. 2022இல் புத்தூரைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்து, நகரியைச் சித்தூரில் விட்டார்கள். நகரியில் பிறந்த தாத்தா, பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டி, புத்தூரில் கட்டிக்கொடுத்த அத்தை மூவரும் 1950இல் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தவர்கள். இன்று அவர்களைத் தேட சித்தூர், திருவள்ளூர், திருப்பதி என்று மூன்று கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுக்கு நகரியிலிருந்து மருமகளாக வந்தவர் அதை ஆந்திரப் பட்டியலில் அல்லவா தேட வேண்டும்? இருபது வருஷத்துக் காகிதத்துக்கே இந்தப் பாடு. எழுபது வருஷத்துக் காகிதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சட்டத்தில் குறை இல்லை. 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் வாங்கலாம். சாவுக்கான காரணத்தை மட்டும் நகலில் காட்டக் கூடாது. மனு வாங்கும் ஜன்னலிலோ "பதிவு எண் என்ன, தேதி என்ன?" என்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர் எதற்குத் தேட வருகிறார்? குழந்தையின் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்து "இல்லை" என்று கையை விரிப்பது இன்னும் மோசம். பிறந்த சில நாளில் எழுதிய பழைய பேரேட்டு வரியில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இராது. ஆண் அல்லது பெண், தகப்பன் பெயர், ஊர், தேதி, அவ்வளவுதான். தகப்பன் பெயரை வைத்து வருஷம் வருஷமாகப் புரட்டினால்தான் ஆள் அகப்படுவார். புரட்டுகிறவருக்குத் தமிழும் தெலுங்கும் படிக்க வரவேண்டும்.

கிராமங்களில் அந்தப் பேரேட்டை எழுதியவர் முன்சீப். முன்சீப், கர்ணம் பதவிகளைத் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980இலும் ஆந்திரத்தில் என்.டி.ஆர். அரசு 1984இலும் ஒழித்தன. பரம்பரை அதிகாரம் போனதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த பேரேடுகளில் எத்தனை தாலுகா ஆபீஸ் வந்து சேர்ந்தன? இந்தக் கணக்கைச் சொல்ல நாற்பது ஆண்டு போதாதா?

கடல் கடந்து போனவர்களின் நிலை வேறு. 1903 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கப்பலேறிய கூலிகளில் வட ஆற்காட்டார் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. கருணை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டை வைத்துத்தான் ஃபிஜியில் வாழ்பவர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்கிறார். ஊரிலேயே இருந்து குழித்தறியில் காலம் கழித்தவரின் பேரனுக்கு அந்த வசதி இல்லை. வெட்கக்கேடு.

நிலமில்லாத நெசவாளியின் பெயர் நிலக் கணக்கான அடங்கலில் வராது. அவர் வாங்கிய கடன் புரோநோட்டோடு முடிந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. இங்கிலாந்து தன் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2022இல் திறந்துவிட்டது. இங்கே 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு யாரையும் பார்க்க விடுவதில்லை. கைத்தறிக் கணக்கெடுப்பு தொடங்கியதே 1987-88இல்தான். மிஞ்சுவன பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்தர், பத்திர ஆபீஸின் பெயர்வாரி அட்டவணை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பேரேடு. கட்டிய பங்குத்தொகை, வாங்கிய நூல், கொடுத்த துணி, பெற்ற கூலி எல்லாம் சங்கப் பேரேட்டில்தான் ஏறும். ஒரு தறிக்காரரின் உழைப்புக்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேறில்லை. சங்கம் கலைந்தால் அது பழைய பேப்பர் கடைக்குப் போகவிடுவது குற்றம். ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்லும் 1993 பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்குத்தான் என்று சொல்லி மாநிலங்கள் நழுவ வேண்டாம்.

1960க்கு முந்தைய பிறப்பு இறப்புப் பேரேடுகள் எந்தக் கிராமத்துடையது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற பட்டியலை இரு அரசுகளும் சேர்ந்து தயாரித்து, நகரியிலும் திருத்தணியிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்ட வேண்டும். பட்டியல் ஏற்கெனவே இருந்தால் ஒளித்து வைப்பானேன்? தகப்பன் பெயர், ஊர், உத்தேச ஆண்டு இவற்றை மட்டும் எழுதிய 17ஆம் பிரிவு மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. கலைந்த சங்கங்களின் பேரேடுகளை ஸ்கேன் செய்து முடிக்கும்வரை ஒரு தாளும் கழிவுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு இந்த மாதமே வர வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.